சிவப்பு விளக்கு எரிகிறதா? சற்றுப் பொறுங்கள்!

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் நெகிரி செம்பிலானில் பிற்பகல் எப்படி இருக்கும் என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மதியம் வரை வெயில் கொளுத்தும். மூன்று மணிக்கு மேல் செம்பனை மரங்களுக்கு அப்பால் வானம் கறுக்கும். இடி இடிக்கும். மின்சாரம் ஒரு முறை போய்த் திரும்பும். அதன்பின் பார்த்தால் ரூட்டரில் பச்சைக்குப் பதிலாகச் சிவப்பு விளக்கு எரியும். நாளை ஒப்படைக்க வேண்டிய பாடவேலை பாதியில் நிற்கும்.

அடுத்து நடப்பதும் நமக்குத் தெரிந்ததுதான். ஒருவர் சுவிட்சை அணைத்து அணைத்துப் போடுவார். இன்னொருவர் கம்பிகளையெல்லாம் பிடுங்கி மாற்றிச் செருகுவார். தம்பி பெட்டியின் பின்புறத்துத் துளையில் ஊசியை விட்டு அழுத்துவான். கடைசியில், "பெட்டி போச்சு, புதுசு வாங்கணும்" என்று தீர்ப்பு வரும். மாதச் சம்பளத்தில் நடக்கும் குடும்பத்தில் அது சிறிய செலவு அன்று.

பெட்டி உண்மையிலேயே கெட்டுவிட்டதா? பல வேளைகளில் இல்லை. கோளாறு பெட்டியில் இருக்கலாம். வெளியே கம்பத்தில் இருக்கலாம். உங்கள் கைப்பேசியில் இருக்கலாம். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளிலும் இருக்கலாம். எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. அது நீங்கள் அறிவியல் கூடத்தில் கற்கும் அதே முறைதான்.

பெட்டிக்குள் ஒரு கணினி

ரூட்டரைத் தமிழில் திசைவி என்பார்கள். பார்ப்பதற்குச் சோப்புப் பெட்டி போல் இருந்தாலும் அது ஒரு முழுக் கணினி. அதற்குள் நுண்செயலி உண்டு. மின்சாரம் இருக்கும் வரை மட்டும் நினைவு வைத்திருக்கும் 'ராம்' நினைவகம் உண்டு. மின்சாரம் போனாலும் மறக்காத 'ஃபிளாஷ்' நினைவகமும் உண்டு. இந்த ஃபிளாஷ் நினைவகத்தில் பதிந்திருக்கும் நிரலே ஃபர்ம்வேர். தமிழில் அதை நிலைபொருள் என்கிறோம்.

1967-ஆம் ஆண்டில் ஆஷர் ஓப்ளர் என்ற அமெரிக்கக் கணினி வல்லுநர் 'டேட்டாமேஷன்' இதழில் எழுதிய கட்டுரையில் இச்சொல்லை அறிமுகப்படுத்தினார். தொட்டுப் பார்க்கக்கூடிய கருவி வன்பொருள். விரும்பியபோது மாற்றக்கூடிய நிரல் மென்பொருள். இரண்டுக்கும் நடுவில், கருவியோடு ஒட்டிக்கொண்டு அதை இயக்குவது நிலைபொருள். இன்று ரூட்டர், தொலைக்காட்சி, கண்காணிப்புக் கேமரா, சலவை இயந்திரம் என்று வீட்டில் பல கருவிகள் நிலைபொருளால்தான் இயங்குகின்றன.

'புதுப்பிக்கவா?' என்று உங்கள் ரூட்டர் கேட்கும்போது, இந்த நிரலை அழித்துவிட்டுப் புதியதை எழுத அனுமதி கேட்கிறது என்று பொருள்.

ஏன் புதுப்பிக்க வேண்டும்?

"நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மூன்று உண்மைச் சம்பவங்கள் அதற்கு விடை சொல்லும்.

2016 அக்டோபர் 21-இல் அமெரிக்காவில் டிவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பல தளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. தாக்கியவை பெரிய கணினிகள் அல்ல. வீட்டுக் கேமராக்களும் ரூட்டர்களும் சேர்ந்து, உரிமையாளருக்குத் தெரியாமலேயே, 'டைன்' என்ற நிறுவனத்தின் மீது கோரிக்கைகளைக் கொட்டின. இணைய முகவரிகளைத் தேடித் தரும் சேவையை நடத்தும் நிறுவனம் அது. 'மிராய்' என்ற தீநிரல் அக்கருவிகளைப் பிடித்திருந்தது. எப்படிப் பிடித்தது? தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை. சுமார் 60 பயனர் பெயர், கடவுச்சொல் இணைகளை வரிசையாக முயன்று பார்த்தே அது உள்ளே நுழைந்துவிட்டது.

2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் மாத்தி வான்ஹூஃப், வைஃபையைப் பூட்டி வைக்கும் 'டபிள்யூபிஏ2' முறையிலேயே ஓட்டை இருப்பதைக் காட்டினார். கைப்பேசியும் ரூட்டரும் கைகுலுக்கும் தருணத்தில் பழைய சாவியையே மறுபடியும் பயன்படுத்த வைக்க முடிந்தது. கடவுச்சொல்லை மாற்றினாலும் இந்த ஓட்டை அடையாது. கைப்பேசி, கணினி, ரூட்டர் ஆகியவற்றின் நிரல்களைப் புதுப்பிப்பது ஒன்றே வழியாக இருந்தது.

2018 மே மாதத்தில் சிஸ்கோ நிறுவனத்தின் டாலோஸ் ஆய்வுக் குழு மூன்றாவது செய்தியை வெளியிட்டது. 'விபிஎன்ஃபில்டர்' என்ற தீநிரல் குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சம் கருவிகளில் புகுந்திருந்தது. ரூட்டரை ஒரு முறை அணைத்துப் போடுமாறு அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. ஏன் அப்படி? அத்தீநிரலின் இரண்டாம், மூன்றாம் பகுதிகள் ராமில் இருந்தன. மின்சாரம் போனதும் அவை மறைந்தன. ஆனால் முதல் பகுதி ஃபிளாஷ் நினைவகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விரட்ட, தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, புதிய நிலைபொருளை ஏற்ற வேண்டியிருந்தது.

மூன்று சொற்கள், மூன்று செயல்கள்

இந்தச் சம்பவத்தைப் புரிந்துகொண்டால், வீட்டில் பலரும் குழப்பிக்கொள்ளும் மூன்று சொற்கள் தெளிவாகிவிடும்.

மறுதொடக்கம் என்பது அணைத்துப் போடுவது. ராம் காலியாகும், அமைப்புகள் அப்படியே இருக்கும். இதனால் கேடு இல்லை.

மீட்டமைப்பு என்பது பின்புறத் துளையில் ஊசியை விட்டு அழுத்துவது. நீங்கள் இட்ட வைஃபை பெயர், கடவுச்சொல், இணைய நிறுவனம் பதிந்து தந்த பயனர் பெயர் எல்லாம் அழிந்துபோகும். நிலைபொருள் மட்டும் மாறாது. தம்பியின் ஊசி ஏன் ஆபத்து என்பது இப்போது விளங்கும். சில சேவைகளில் அந்தப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இல்லாமல் இணையம் திரும்ப வராது. எனவே அவற்றை எழுதி வைக்காமல் அத்துளையைத் தொடாதீர்கள்.

புதுப்பிப்பு என்பது நிலைபொருளையே மாற்றுவது. பொதுவாக அமைப்புகள் காப்பாற்றப்படும். எப்போதும் அப்படி நடக்கும் என்று உறுதி கிடையாது.

ஆபத்தான சில நிமிடங்கள்

புதுப்பிப்பின்போது உள்ளே என்ன நடக்கிறது? முதலில் புதிய நிரல் ராமுக்கு வந்து சேரும். அடுத்து, வந்தது முழுமையாக வந்ததா என்று ரூட்டர் சரிபார்க்கும். அதற்கு 'எஸ்எச்ஏ-256' போன்ற கணிதச் சூத்திரம் உதவும். கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அச்சூத்திரம் 256 பிட் நீளமுள்ள ஓர் எண்ணைத் தரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். இந்தக் கைரேகை பொருந்தாவிட்டால் கோப்பு நிராகரிக்கப்படும். தயாரிப்பாளரின் மின்னணுக் கையொப்பத்தையும் பல ரூட்டர்கள் சரிபார்க்கின்றன. முன்னது 'கோப்பு சிதையவில்லை' என்று காட்டும். பின்னது 'அனுப்பியவர் உரியவர்தான்' என்று காட்டும்.

பிறகுதான் ஃபிளாஷ் நினைவகத்தில் பழையதை அழித்துப் புதியதை எழுதும் வேலை. இது சில நிமிடங்கள் நடக்கும். பழைய நிரல் பாதி அழிந்து, புதியது பாதி எழுதப்பட்ட நேரத்தில் மின்சாரம் போனால் என்ன ஆகும்? திரும்ப மின்சாரம் வந்ததும் பெட்டி எந்த நிரலைப் படித்து விழித்தெழுவது? அப்படி எழ முடியாத பெட்டியைச் செங்கல் ஆகிவிட்டது என்று தொழில்நுட்பர்கள் கேலியாகச் சொல்வார்கள்.

இதைத் தவிர்க்கச் சில தயாரிப்பாளர்கள் இரண்டு அறை முறையைக் கையாள்கிறார்கள். முதல் அறையில் பழைய நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் அறையில் புதியது எழுதப்படும். எழுதி முடித்துச் சரிபார்த்த பிறகுதான் இரண்டாம் அறையிலிருந்து தொடங்கும். அது எழவில்லை என்றால் முதல் அறைக்குத் திரும்பிவிடும். இப்போதைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றிலும் இம்முறை உண்டு. மலிவான ரூட்டர்கள் பலவற்றில் ஓர் அறைதான் இருக்கும்.

ஆகவே, நம் ஊருக்கென்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: புதுப்பிப்பைக் காலையில் செய்யுங்கள். பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் நம் பக்கத்தில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் வருகிறது. நிலம் சூடேறி, ஈரக்காற்று மேலெழுந்து, மேகம் திரள அவ்வளவு நேரம் ஆகிறது. காலையில் மின்தடைக்கு வாய்ப்புக் குறைவு. விளக்குகள் எப்படி மின்னினாலும், வேலை முடியும் வரை சுவிட்சைத் தொடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. ஒளியிழைக் கம்பி கண்ணாடியால் ஆனது. மின்சாரம் அதில் பாயாது. எனவே பழைய செம்புத் தொலைபேசிக் கம்பியைப் போல் மின்னலின் மின்னோட்டத்தை அந்தக் கண்ணாடி இழை வீட்டுக்குள் இழுத்து வராது. ஆனால் பெட்டியின் மின்செருகி வழியாக வரும். இடி நெருங்கும் முன்பே செருகியைக் கழற்றி வைப்பது இன்றும் நல்ல பழக்கம்தான்.

புதுப்பிப்பே கோளாறானால்?

புதுப்பிப்பு எப்போதும் நல்லதைத்தான் செய்யும் என்றும் சொல்ல முடியாது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. மலேசிய நேரம் நண்பகல் 12.09-க்கு கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு சிறிய கோப்பை உலகெங்கும் அனுப்பியது. அது நிலைபொருள் அன்று. விண்டோஸ் கணினிகளில் ஓடும் பாதுகாப்பு மென்பொருளுக்கான கோப்பு. அதில் இருந்த பிழையால் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. 78 நிமிடங்களில் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டுவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் நாட்டிலும் ஏர் ஏசியாவின் பயணப் பதிவும் கேடிஎம் ரயில் பயணச்சீட்டுச் சேவையும் தடைபட்டன. ஐந்து அரசு அமைப்புகளும் ஒன்பது நிறுவனங்களும் பாதிக்கப்பட்டதாக இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ தெரிவித்தார்.

கணினிகள் எழவே முடியாததால், திருத்தத்தை இணையம் வழி அனுப்பவும் வழியில்லாமல் போனது. பல இடங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு கணினியாகச் சென்று கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2023 அக்டோபர் இறுதியில், அமெரிக்காவில் ஒரே இணைய நிறுவனத்தின் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டு ரூட்டர்கள் 72 மணி நேரத்துக்குள் செத்துப்போயின. இது பிழையன்று, தாக்குதல். தீநிரல் உள்ளே புகுந்து அவற்றை மீட்க முடியாதபடி செய்துவிட்டது. பெட்டிகளையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆராய்ந்த லூமன் நிறுவனக் குழு ஒன்றைச் சுட்டிக்காட்டியது: அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் கணிசமானோர் கிராமப்புறத்தினர், விவசாயிகள் அறுவடை நேரத்தில் பயிர்க் கண்காணிப்புத் தகவலை இழந்திருக்கக்கூடும். நகரத்தில் ஒரு ரூட்டர் போனால் பக்கத்துக் கடையில் இன்னொன்று கிடைக்கும். பகாவ், ரொம்பின், கெமாஸ் பக்கத்துத் தோட்டங்களில் அப்படியா?

எங்கே கோளாறு? ஐந்து கேள்விகள்

இனி நம் சிவப்பு விளக்குக்கு வருவோம். எதையும் பிடுங்கும் முன் இந்த ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்.

முதல் கேள்வி: ஒரு கருவிக்கா, எல்லாவற்றுக்குமா? அக்காவின் கைப்பேசியில் இணையம் வந்து உங்களுடையதில் வரவில்லை என்றால், ரூட்டரைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. உங்கள் கைப்பேசியில் அந்த வைஃபை பெயரை நீக்கிவிட்டு, கடவுச்சொல்லைப் புதிதாக இட்டுப் பாருங்கள். தேதியும் நேரமும் சரியா என்றும் பாருங்கள். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான தளங்கள் திறக்க மறுக்கும். தளத்தின் சான்றிதழ் காலாவதியானது என்று கைப்பேசி தவறாக எண்ணிவிடும்.

இரண்டாம் கேள்வி: வைஃபை இல்லையா, இணையம் இல்லையா? இவை வெவ்வேறு. கைப்பேசி ரூட்டரோடு இணைந்து, 'இணையம் இல்லை' என்று காட்டினால் கைப்பேசிக்கும் ரூட்டருக்கும் இடையிலான பாதை சரி. ரூட்டருக்கு அப்பால்தான் பழுது. ஒளியிழைப் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளிச் சமிக்ஞை வந்து சேரவில்லை என்று பொருள். இழை எங்கோ அறுந்திருக்கலாம், வளைந்திருக்கலாம். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அது சரியாகாது. இணைய நிறுவனத்தை அழைப்பதுதான் வழி. இழையின் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளி.

மூன்றாம் கேள்வி: பக்கத்து வீட்டில் எப்படி? அதே நிறுவனத்தின் சேவை அங்கும் இல்லை என்றால், உங்கள் பெட்டிக்கு விடுதலை.

நான்காம் கேள்வி: கடைசியாக என்ன மாறியது? நேற்றிரவு புதுப்பிப்பு நடந்ததா? நடந்திருந்தால் சில வழக்கமான விளைவுகள் உண்டு. வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள பழையவற்றுக்குத் திரும்பியிருக்கலாம். பூட்டு முறை 'டபிள்யூபிஏ3' ஆக மாறி, பழைய மடிக்கணினி உள்ளே வர முடியாமல் நிற்கலாம். 'டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும்' என்ற கலப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும். 2.4, 5 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசைகள் இரண்டும் ஒரே பெயருக்குள் வந்து, 2.4 மட்டுமே தெரிந்த கேமரா குழம்பலாம். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் கேள்வி: ரூட்டர் எங்கே இருக்கிறது? அலைநீளத்தைக் கணக்கிட ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுக்க வேண்டும். 2.4 கிகா ஹெர்ட்ஸுக்குச் சுமார் 12.5 செண்டிமீட்டர்; 5 கிகா ஹெர்ட்ஸுக்கு 6 செண்டிமீட்டர். பொதுவாக 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது அதிகம் வலுவிழக்கும். இரண்டையுமே துத்தநாகத் தகடு திருப்பியடித்துவிடும். லயத்து வீட்டின் பின்கட்டில், தகடு வேய்ந்த சமையலறையில் வைஃபை வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இதற்கு எந்தப் புதுப்பிப்பும் மருந்தாகாது. பெட்டியை நடுக்கூடத்தில், உயரத்தில், தகட்டையும் குளிர்பதனப் பெட்டியையும் விட்டு விலக்கி வைப்பதே மருந்து.

ஒளியிழை எட்டாத தோட்டங்களில் சிம் அட்டை போடும் 4ஜி ரூட்டரைப் பயன்படுத்துவார்கள். அதை நடுக்கூடத்தில் வைப்பதைவிடக் கோபுரம் இருக்கும் திசையின் சன்னலோரம் வைத்துப் பாருங்கள். அடர்ந்த இலைகள், அதிலும் மழையில் நனைந்த இலைகள், வானொலி அலைகளை உறிஞ்சும். செம்பனைக் காட்டுக்கு நடுவில் இருக்கும் வீட்டில் ஒரு மீட்டர் நகர்த்தினாலும் வித்தியாசம் தெரியலாம்.

புதுப்பிப்பால் முடியாதது

வன்பொருளில் இல்லாததை நிலைபொருளால் கொடுக்க முடியாது. 2020-இல் தொடங்கிய ஜெண்டேலா திட்டத்தின்கீழ், 2021 இறுதியோடு நம் நாட்டில் 3ஜி சேவையை நிறுத்தும் பணி நடந்தது. 3ஜி மட்டும் தெரிந்த கைப்பேசிகளை எத்தனை முறை புதுப்பித்தாலும் அவற்றால் 4ஜி பேச முடியாது. அதற்கான வானொலிச் சில்லு உள்ளே இல்லை. அதேபோல், தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்திவிட்ட ரூட்டருக்குப் புதிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் திருத்தம் வராது. புதிய பெட்டி வாங்க உண்மையான காரணம் இதுதான். சிவப்பு விளக்கு அன்று.

2400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால்

இந்த முறையின் வலிமைக்கு ஒரு சான்று வேண்டுமா? 1977 செப்டம்பரில் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம், 2023 நவம்பரில் பொருளற்ற தரவுகளை அனுப்பத் தொடங்கியது. அது பூமியிலிருந்து 2400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ஒரு கட்டளை போய்ச்சேர இருபத்திரண்டரை மணி நேரம். பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை மணி நேரம். ஊசியை விட்டு அழுத்த அங்கே யாரும் இல்லை.

நாசா பொறியாளர்கள் பதறவில்லை. ஒவ்வொன்றாகச் சோதித்து, ஒரு கணினியின் நினைவகத்தில் ஒரு சில்லு கெட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதில் இருந்த நிரலை முழுதாக வைக்க வேறெங்கும் இடமில்லை. எனவே அதைத் துண்டுகளாகப் பிரித்து, நினைவகத்தின் வெவ்வேறு மூலைகளில் வைத்து, துண்டுகள் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும்படி திருத்தி எழுதினார்கள். 2024 ஏப்ரல் 18-இல் முதல் துண்டை அனுப்பினார்கள். ஏப்ரல் 20-இல் கலத்தின் உடல்நிலை பற்றிய தெளிவான தகவல் திரும்பி வந்தது.

தமிழ்ப்பள்ளியில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்தது நினைவிருக்கிறதா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை, விளைவைக் குறித்துக்கொள். நாசா செய்ததும் அதுதான். கம்பி, கடவுச்சொல், இடம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் இணையம் திரும்ப வரலாம். எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த இடிமழைக்குப் பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரூட்டரின் அடியில் உள்ள ஒட்டுத்தாளைப் பார்த்து மாதிரி எண்ணை எழுதுங்கள். பெற்றோரின் அனுமதியோடு ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, நிலைபொருளின் பதிப்பு எண்ணையும் இன்றைய தேதியையும் எழுதுங்கள். தொழிற்சாலை இட்ட நிர்வாகக் கடவுச்சொல் இன்னும் இருந்தால் மாற்றுங்கள். புதுப்பிப்பு இருந்தால், ஒரு சனிக்கிழமைக் காலையில், அமைப்புகளைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். கோப்பைத் தயாரிப்பாளரிடமிருந்தோ இணைய நிறுவனத்திடமிருந்தோ மட்டும் பெறுங்கள். புலனக் குழுவில் யாரோ அனுப்பிய கோப்பை ஏற்ற வேண்டாம்.

பிறகு வீட்டின் மூன்று இடங்களில் வேகத்தை அளந்து அட்டவணை போடுங்கள். அதே அளவை மழை பெய்யும்போதும் எடுங்கள். இரண்டு வாரங்களில் உங்கள் வீட்டு இணையத்தைப் பற்றி, கடைக்காரரை விட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும். அடுத்த முறை சிவப்பு விளக்கு எரியும்போது, முதலில் அந்தப் புத்தகத்தைத் திறங்கள்.